புது ஊடகம் ஜனநாயகத்துக்கு உதவியா, உபத்திரவமா? காரைக்குடிப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

நூலக வாசகர் வட்டம், டீக்கடை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை, சிங்கப்பூரிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிற வீடியோ கால் என்று எங்கே போனாலும் இந்தச் சந்தேகங்கள்தான். ஊர்ச் செய்தியை ஒரு சின்னப் பக்கத்தில் எழுதுகிறவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பாஷையிலேயே போட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விவரம்தான், வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

"புதிய ஊடகம் புதிய ஊடகம்கிறீங்களே, எதைச் சொல்றீங்க? எங்க வாட்ஸாப் குரூப்பும் அதுல சேர்த்தியா?"

சேர்த்திதான். தமிழில் 2003, 2004 வாக்கில் வலைப்பூ எழுத ஆரம்பித்தார்கள். 2004-ல் தமிழ்மணம் வந்து, அங்கங்கே சிதறிக் கிடந்த வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. அமெரிக்காவில் இருந்த எஞ்சினியரும் இங்கே இருந்த பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே பக்கத்தில் மல்லுக்கு நின்றார்கள். அப்புறம் ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப், கடைசியில் எல்லார் சட்டைப் பையிலும் வாட்ஸாப். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே "இதைப் போடலாமா" என்று பார்க்கிற ஆசிரியர் இல்லாத எல்லாமே என் கணக்கில் புதிய ஊடகம்தான்.

ஆனால் வலைப்பூவும் வாட்ஸாப்பும் ஒன்றில்லை. வலைப்பூவில் ஒருவர் தப்பாக எழுதினால் அதற்குக் கீழேயே இன்னொருவர் மறுத்து எழுதுவார், நாலு வருஷம் கழித்து வருகிறவர்கூட இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். வாட்ஸாப்பில் பொய் நூறு குரூப்புக்குப் போகும், மறுப்பு ஒரே குரூப்போடு நின்றுவிடும். பொய்யைப் படித்தவர்களுக்கு மறுப்பு வந்ததே தெரியாது.

"அந்தக் காலத்திலேயே நம்ம ஊர்ல பத்திரிகை இருந்துச்சே. அது செய்யாததை இது என்ன செஞ்சிடப் போகுது?"

இருந்தது, அதுவும் லேசுப்பட்ட பத்திரிகைகள் இல்லை. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-ல் தொடங்கியது, 1919-ல் பாரதியே அங்கே வந்துபோனார். 1920-களில் ராய. சொக்கலிங்கம் 'ஊழியன்' பத்திரிகையையும் சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகையையும் நடத்தினார்கள். வீட்டுக்குள் வாய் திறந்து பேசவே தயங்கிய விதவை மறுமணத்துக்கென்றே முருகப்பா பின்னாளில் தனிப் பத்திரிகை நடத்தினார் என்றால் எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள்.

அதில் ஒரு குறையும் இருந்தது. அச்சுக்கூடம் வேண்டும், காகிதம் வாங்கப் பணம் வேண்டும், சந்தா கட்ட ஆள் வேண்டும். சீர்திருத்தம் பேசியவர்களும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள்தான். ஆத்தங்குடியில் கல் பதிக்கிற தொழிலாளி தன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று அன்றைக்கு அச்சில் ஏற்றியிருக்க முடியாது, இன்றைக்குப் போனை எடுத்தால் போதும். என்னைக் கேட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் அந்தப் பத்திரிகைகளில் அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்று ஒவ்வோர் இதழிலும் போட வேண்டியிருந்தது, 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. எழுதியது பொய்யென்றால் போய்க் கதவைத் தட்ட ஒரு முகவரி இருந்தது. இன்றைய ஃபார்வர்டுக்கு அது இல்லை.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க தம்பி, உதவுதா, கெடுக்குதா?"

ஒரே வார்த்தையில் கேட்டால் மாட்டிக்கொள்வேன். நான் பார்த்தவரை, செய்தி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உதவுகிறது. செக்காலை ரோட்டில் பள்ளம் என்று ஒருவர் படம் போட்டால், குரூப்பில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் தினமும் போகிறார்கள். பொய்யென்றால் அடுத்த நிமிஷமே "அங்க பள்ளமே இல்லையே, இப்பத்தான் வந்தேன்" என்று பதில் வந்துவிடும். டெல்லியில் இப்படி நடந்தது, வங்காளத்தில் அப்படி நடந்தது என்று வந்தால் யார் போய்ப் பார்க்க முடியும்? நம்ப விரும்புகிறவர் நம்புவார், அவ்வளவுதான்.

வேதனை என்னவென்றால், நம் குரூப்புகளில் பள்ளத்தைவிட டெல்லிதான் அதிகம் ஓடுகிறது. ஆனால் பக்கத்துச் செய்தி என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள், அதற்கென்று தனி வம்பு இருக்கிறது. கீழே ஒருவர் "கவுன்சிலர் எங்க பங்காளி" என்று கேட்கிற இடத்தில் அதற்கு வருகிறேன்.

"ஃபேஸ்புக்ல படம் போட்டா மறுநாளே வந்து குப்பை அள்ளுறாங்க. அப்புறம் மனு எதுக்கு, ஆர்டிஐ எதுக்கு?"

அள்ளுவார்கள். மறு மாதம் அதே இடத்தில் திரும்பக் கொட்டுவார்கள், அப்போது நீங்கள் போடுகிற படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் போன மாதமே பார்த்தாயிற்று. பக்கத்து ஊர் ஊருணி ஒன்றில் இதை நேரிலேயே பார்த்தேன். பழைய வீடுகளை இடித்த செங்கல், சுண்ணாம்புக் காரை, ஓடு எல்லாவற்றையும் டிராக்டரில் கொண்டுவந்து, ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் கொட்டியிருந்தார்கள். படம் போட்டதும் பிரமாதமான வரவேற்பு, கோபக் குறிகள், "நம் முன்னோர்கள் வெட்டிய நீர்நிலை" என்று உருக்கமான வரிகள். உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மேலாக வாரிப்போட்டுவிட்டுப் போனார்கள். வாய்க்கால் அடைப்பு அப்படியே இருந்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் தண்ணீர் ரோட்டில்தான் ஓடியது.

அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அதற்கப்புறம் செய்த வேலை எனக்குப் பிடித்தது. அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணைப் போட்டு, நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டுகிற 'அ' பதிவேட்டின் நகலை எடுத்தார்கள். (நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு.) அதில் புறம்போக்கு, ஊருணி என்று தெளிவாக இருந்தது. அந்த நகலையும் படத்தையும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அந்தச் சீட்டைப் படம் எடுத்துப் பதிவில் போட்டார்கள். அதன் பிறகு ஊரில் பேச்சே மாறிவிட்டது. "யாராவது ஏதாவது செய்யுங்கப்பா" என்றவர்கள் "மனு எந்த நிலையில் இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதிவுக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை, எண் போட்ட மனுவுக்குக் கடமைப்பட்டவர்கள். பதிவு அந்த மனுவை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் வேண்டும்.

"ஆர்டிஐ போடறது பெரிய வேலையாமே?"

இல்லை. ஆர்டிஐ என்கிற தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. தமிழிலேயே எழுதலாம், பத்து ரூபாய்க் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு அந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறமும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

"ஏன் இன்னும் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஆவணம் இருக்காது, சுலபமாகத் தட்டிக்கழிப்பார்கள். "இந்தத் தெருச் சாலைக்கான ஒப்பந்த ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகம் இவற்றின் நகல் தருக" என்று கேளுங்கள். நகல் கைக்கு வந்ததும் பதிவு எழுதினால் அந்தப் பதிவின் எடையே வேறு.

"எங்க ஊராட்சியைக் காரைக்குடி மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. கிராம சபை போச்சு. இனிமே வாட்ஸாப் குரூப்தான் எங்களுக்குச் சபையா?"

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் உள்ளே வந்தன. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்ற பயம் எல்லாம் அப்போது குரூப்புகளில்தான் அதிகம் பேசப்பட்டது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை ஊராட்சிகளுக்கு உண்டு, மாநகராட்சிக்குள் வந்துவிட்டால் அது கிடையாது என்பது உண்மைதான்.

அதற்குப் பதில் நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் குரூப் உருப்படியாக ஒன்று செய்ய நினைத்தால், அடுத்த பகுதி சபை எப்போது, எங்கே என்று கேட்டு வாங்கிப் போடட்டும். சபையில் எழுதப்படுகிற தீர்மானத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, குரூப்பில் நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கினாலும் அது தீர்மானம் ஆகாது.

இன்னும் ஊராட்சியாகவே இருக்கிற ஊர்களுக்கு வேறு சிக்கல். சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத நேரத்தில் பதிவில் யாரைத் திட்டுவது என்றே ஆட்களுக்குக் குழப்பம், போன தலைவரையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க குரூப்ல 240 பேர். எல்லாரும் ஒண்ணாத்தான் சொல்றாங்க. அது மக்கள் கருத்து இல்லையா?"

240 பேரில் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். எந்தக் குரூப்பிலும் ஒரு பத்துப் பதினைந்து பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. பேசாதவர்களை நாம் சம்மதித்தவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஊர்ப்பொது விஷயம் பேசுகிற குரூப்புகளில் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவர் இருக்கிறாரா? தெற்குத் தெருவுக்கும் காலனிக்கும் தனித்தனிக் குரூப் இருந்தால் இரண்டிலும் "மக்கள் கருத்து" வேறு வேறாகத்தான் இருக்கும். ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரே எடை, குரூப்பில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவருக்குத்தான் எடை.

ஆனால் ஒரு நல்லதும் பார்த்திருக்கிறேன். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் தயங்குகிற ஆச்சிமார், குரல் பதிவில் கச்சிதமாகக் கணக்குக் கேட்கிறார்கள். "போன வருஷத் திருவிழாக் கணக்கு இன்னும் வரலையே" என்று ஒரு குரல் பதிவு வந்த ராத்திரி எங்கள் பக்கத்துக் குரூப் ஒன்றில் அட்மின் தூங்கியிருக்க மாட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. வர்றது பொய்யா மெய்யான்னு நான் எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

இதைக் கேட்டவர் எழுபதைத் தாண்டிய அப்பத்தா. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். எந்த ஊர், என்றைக்கு, யார் சொன்னது என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். "இன்று காலை" என்று இருந்தால் எந்த இன்று? "ஒரு டாக்டர் சொல்கிறார்" என்றால் எந்த டாக்டர்? இரண்டு அம்புக்குறி போட்டு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வந்தால் அது உங்களுக்கு அனுப்பியவர் எழுதியதில்லை, அவருக்கும் அதன் மூலம் தெரியாது. 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாது என்று வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. 2020-ல் அந்த இரட்டை அம்புச் செய்திகளை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது.

2018-ல் கட்டுப்பாடு வந்த காரணம் சாதாரணமானதில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வீடியோவும் குரல் பதிவுமாக ஓடி, அந்த வருஷம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். மற்ற மாநிலங்களிலும் இதே வதந்தியால் அந்த வருஷம் பல உயிர் போனது. அனுப்பினவர்கள் அத்தனை பேரும் "நல்லதுக்குத்தானே, ஜாக்கிரதையா இருக்கட்டும்னு அனுப்பினேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் அனுப்பாமல் விட்டுவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. பேரப்பிள்ளைகள் யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புப் பக்கங்களில் தேடிச் சொல்வார்கள்.

"வடக்கத்திப் பசங்களை இங்க அடிக்கிறாங்கன்னு வந்துச்சே, அது நிஜமா?"

2023 மார்ச்சில் வந்ததைக் கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று, வேறு இடத்தில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டை வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. பொய் பரப்பியவர்கள் மேல் தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது.

மேலே சொன்ன தூரக் கணக்கு இதில் அப்படியே பொருந்துகிறது. நம் ஊர் ஓட்டலில் பரிமாறுகிற பையனுக்கு இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ணால் தெரியும், ஆனால் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற அவன் அம்மாவுக்கு வீடியோதான் தெரியும். அழுதுகொண்டு "கிளம்பி வா" என்கிறாள். அவன் கிளம்பினான். பல இடங்களில் ஓட்டல், கட்டட வேலை எல்லாம் ஆள் இல்லாமல் நின்றது.

"ஜல்லிக்கட்டு? 2017-ல அதை ஜெயிச்சுக் கொடுத்ததே ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும்தானே அண்ணே?"

கூட்டத்தைச் சேர்த்தது அவைதான், மறுக்க மாட்டேன். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்தே இருந்தது. எந்தக் கட்சியும் கூப்பிடாமல் 2017 ஜனவரியில் மெரினாவில் அத்தனை பேர் சேர்ந்ததற்கும், குப்பையை அவர்களே கூட்டி, சாப்பாடு எங்கே குறைகிறது என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டதற்கும் போன்தான் காரணம். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டமன்றத்தில் மசோதா.

ஆனால் அதே 23-ஆம் தேதி காலையில் என்ன நடந்தது? கலைந்து போகச் சொன்னபோது, "சட்டம் வந்துவிட்டது, போகலாம்" என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிற மாதிரி சொல்ல ஒரு தலைவர் இல்லை. வந்தது நிரந்தரச் சட்டமா இல்லையா என்று ஆளுக்கொரு செய்தி. தடியடி, தீவைப்பு என்று முடிந்தது. கூட்டத்தைச் சேர்க்கத் தெரிந்த கருவிக்குப் பேச்சுவார்த்தை நடத்தத் தெரியாது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இடையில் ஆறு வருஷம் கோர்ட்டில் வாதாடியவர்களைப் பற்றி யாரும் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

"வெளிநாட்ல எப்படி? எங்க ஐயா காலத்துல பர்மா, மலாயான்னு போனவங்கதானே நாம, அங்கெல்லாம் இது என்ன பண்ணுச்சு?"

இரண்டும் நேர் எதிர் உதாரணங்கள். மலேசியாவில் பத்திரிகை நடத்த அரசு அனுமதி வேண்டும், அன்றைக்கு அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதனால் பெரிய பத்திரிகைகள் அடக்கித்தான் வாசித்தன. இணையத்துக்கு அந்த அனுமதி தேவைப்படவில்லை. 1999-ல் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் வந்தது, வலைப்பதிவர்கள் வந்தார்கள், 2007 நவம்பரில் தமிழர்கள் ஹிண்ட்ராஃப் என்ற உரிமை அமைப்பின் பேரில் நடத்திய பேரணிப் படங்கள் அதில்தான் அதிகம் பரவின. 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. ஜெஃப் ஊய் என்ற வலைப்பதிவர் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் நின்று எம்பி ஆனார்.

பர்மாவில் சிம் கார்டு மலிவானதும் ஜனங்களுக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக் என்று ஆனது. அங்கே சிறுபான்மையினரான ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் மேல் வெறுப்பை அதில் கொட்டினார்கள். 2017-ல் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஐநா விசாரணைக் குழு ஃபேஸ்புக்கைக் குறை சொன்னது, தாங்கள் போதுமான அளவு தடுக்கவில்லை என்று அந்த நிறுவனமும் 2018-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் புது ஊடகத்தை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். 1938-ல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோது ஊதிவிட்டவை அச்சுப் பத்திரிகைகள், விசாரணைக் குழுவே அப்படித்தான் சொன்னது. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீடுகளில் அந்தக் கலவரத்தைப் பற்றிக் கதை கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"கவுன்சிலரைப் பத்தி எழுதினா உள்ள தூக்கி வச்சிருவாங்களாமே?"

ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், எரிச்சல் உண்டாக்குகிற பதிவு என்றே ஆளைப் பிடிக்கலாம். அந்தப் பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, இரண்டு வருஷம் வரை தண்டனை. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அதில் விதிவிலக்கு.

நம் பக்கம் நிற்கிற பழைய தீர்ப்பு ஒன்று நக்கீரன் பத்திரிகை போட்ட வழக்கில் 1994-ல் வந்தது. பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம், அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமை சார்ந்த விஷயத்தில் விமர்சனத்துக்காகச் சுலபமாக நஷ்டஈடு கேட்க முடியாது, உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியிருந்தால்தான் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. அதனால்தான் 'அ' பதிவேடு, ஒப்பந்த நகல் என்று மேலே அத்தனை தடவை சொன்னேன். "கமிஷன் அடிக்கிறான்" என்று எழுதாதீர்கள். "மதிப்பீட்டில் இத்தனை மீட்டர், போட்டிருப்பது இத்தனை மீட்டர்" என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு மீதி புரியும்.

"அண்ணே, கவுன்சிலர் எங்க பங்காளி. கல்யாணம் காரியத்துல முகத்துல முழிக்கணும். பேர் போடாம எழுதலாமா?"

மேலே தள்ளிப்போட்ட வம்பு இதுதான். பெரிய ஊரில் எழுதிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடலாம். இங்கே எழுதினவர் யார், அவர் சம்பந்தி யார், கடை யார் கட்டடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். கடை வாடகைக்காக வாயை மூடிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேர் இல்லாமல் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் பேரை மறைத்தால் ஆதாரத்தை இரட்டிப்பாகக் காட்டுங்கள். தேதி, சர்வே எண், ஆவணம் இருக்கட்டும், ஆளைப் பற்றிய வசை வேண்டாம். பேரையும் மறைத்து வீட்டுப் பெண்களைப் பற்றியும் எழுதுகிற போலிக் கணக்குகள் நம் பக்கம் உண்டு, அதற்கு ஜனநாயகம் என்று பேர் சூட்ட நான் தயாரில்லை. போலீஸ் தேடினால் கணக்கு யாருடையது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஆர்டிஐ மனுவை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் பேரில் போடலாம், இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம்.

"குரூப்ல சாதிச் சண்டை வந்துட்டா அட்மின் மேல கேஸ் வருமா?"

உறுப்பினர் போட்டதற்காக மட்டும் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அட்மினே போட்டாலோ தூண்டிவிட்டாலோ கதை வேறு. ஆனால் சட்டம் விட்டாலும் ஊர் விடாது. கண்டதேவி தேர் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது நமக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் ஒரு பழைய வீடியோ போதும். திருவிழா முடியும்வரை அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி குரூப்பைப் பூட்டிவைப்பதில் ஒரு தப்பும் இல்லை, கருத்துரிமை அதனால் செத்துவிடாது.

"அப்ப நெட்டையே நிறுத்திட்டா வதந்தி அடங்கிடுமே?"

வதந்தி அடங்காது, மறுப்புத்தான் அடங்கும். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்த பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தேடியவர்களுக்கும் சேர்த்துத்தான் நின்றது. காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்துகிற உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதே யோசனையின் இன்னொரு வடிவம், எது பொய் என்று அரசே முத்திரை குத்தட்டும் என்பது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்கு அப்படி முத்திரை குத்துகிற ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரிதான். வழக்கில் ஒரு கட்சியாக இருப்பவரே தீர்ப்பும் எழுதக் கூடாது.

"தேர்தல் நேரத்துல மட்டும் என்ன கவனிக்கணும்?"

ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. கட்சிகள் சமூக ஊடகத்தில் போடுகிற விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும். யார் காசு கொடுத்து எந்த விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்பதை ஃபேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சுவாரஸ்யமான இடம் அது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்தால் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம், 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. ஆனால் அது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்குப் புகாரை அங்கேதான் கொடுக்க வேண்டும்.

"நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். வீடு பூட்டிக் கிடக்கு, வரி மட்டும் கட்டுறோம். ஊர் விஷயத்துல நாங்க பேசலாமா?"

பேசுங்கள். ஆனால் ஊர்க் குரூப்பில் அதிகம் பேசுகிறவர்கள் ஊரில் இல்லாதவர்கள்தான் என்ற முணுமுணுப்பு இங்கே இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் தினமும் குடத்தோடு நிற்கிறவர் ஒரு வரி எழுதுவதற்குள் நீங்கள் மூன்று பத்தி எழுதிவிடுகிறீர்கள். இந்தியக் குடியுரிமையை வைத்திருந்தால் படிவம் 6ஏ கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம், ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். ஆர்டிஐ-யும் குடிமக்களுக்கு மட்டும், தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே அனுப்ப வழி இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டீர்கள் என்றால் இரண்டும் கிடையாது. அங்கே 2019-லிருந்து பொய்ச் செய்திக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஃபார்வர்டு செய்யுமுன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருணி பற்றி உங்களுக்கு ஒரு படம் வந்தால், கருத்துச் சொல்வதற்கு முன் அந்தத் தெருவில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு "இது இன்னைக்கு எடுத்த படமா?" என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் பூட்டிய வீட்டை இடிக்கக் கொடுக்கிறபோது, அந்தக் காரையும் செங்கலும் எங்கே போய்க் கொட்டப்படும் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.